அதிகாலை நாலரை மணிக்குப் பூனை ஏன் எழுப்புகிறது?

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் சுண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு ஐப்பசி மழையில் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிய குட்டி, அப்படியே எங்களோடு தங்கிவிட்டாள். வந்த புதிதில் விடியற்காலை நாலரை ஆனால் போதும், என் நெஞ்சில் ஏறி உட்காருவாள். முன்னங்காலால் கன்னத்தைத் தட்டுவாள். அப்படியும் நான் கண் திறக்காவிட்டால் அலமாரி மேல் இருக்கும் சீப்பையோ மாத்திரை அட்டையையோ கீழே தள்ளிவிடுவாள். "பிடிவாதம் பிடிக்குது, கண்டுக்காதே" என்றார் அம்மா. "பூனைக்கு நன்றி கிடையாதும்மா, நாய் வளர்த்திருக்கலாம்" என்றார் எதிர்வீட்டு அக்கா. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. இந்த மூன்று வருடம் அவளைப் பார்த்ததிலும், பூனைகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்ததிலும் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நாம் திமிர், சோம்பல், திருட்டுத்தனம் என்று பேர் வைக்கும் பழக்கங்களில் பெரும்பாலானவை, தனியாக வேட்டையாடிப் பிழைத்த ஒரு சின்ன விலங்கின் அன்றாட வேலைகள்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. உலகம் முழுவதிலும் உள்ள பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. சைப்ரஸ் தீவில் மனிதன் ஒருவனுக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு சுமார் 9,500 ஆண்டுகள் பழமையானது. ஆக, பழக்கம் ரொம்பப் பழையது. ஆனால் நாயைப் போல, இது காவலுக்கு, இது வேட்டைக்கு என்று யாரும் பூனையைப் பொறுக்கி வளர்க்கவில்லை. களஞ்சியத்தில் தானியம் இருந்தது, தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. அந்த வேலைக்கு அது ஏற்கெனவே பொருத்தமாக இருந்ததால் மாற்ற ஒன்றும் இருக்கவில்லை. பூனைகளை இனம் இனமாகப் பிரித்து வளர்ப்பதெல்லாம் பெரும்பாலும் கடந்த நூற்றைம்பது ஆண்டுச் சங்கதி. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது 1871-ல்தான். நம் சோபாவில் சுருண்டு கிடப்பது உடலளவில் இன்னும் அந்தக் காட்டுப்பூனைக்கு மிக நெருக்கமான விலங்கு.

அந்த விலங்கின் இரை எப்போது நடமாடும்? எலி அந்தியிலும் இரவிலும் வெளியே வரும். பறவைகள் விடியும்போது இறங்கும். அதனால் பூனை விழித்திருக்கும் நேரமும் இருளும் ஒளியும் சந்திக்கும் இரண்டு வேளைகளில் கூடுகிறது. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம், உள்ளே வந்த ஒளியை மறுபடி திருப்பி அனுப்புகிறது. இருட்டில் டார்ச் அடித்தால் பூனைக்கண் பளபளப்பது அதனால்தான். குறுந்தொகையில் ஒரு தலைவி, தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட சேவலைச் சபிக்கிறாள்: நள்ளிரவில் வீட்டு எலிக்காகக் காத்திருக்கும் வெருகுக்கு நீ இரையாகிப் போ என்று. வெருகு என்றால் காட்டுப்பூனை. அது எந்த நேரத்தில், எதற்காக, எப்படிக் காத்திருக்கும் என்று நம்மவர்கள் அன்றைக்கே பார்த்து வைத்திருக்கிறார்கள்.

மீதி நேரம் தூக்கம். ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை பூனை தூங்கும். குட்டியும் கிழமும் இன்னும் கூடுதலாகத் தூங்கும். ஆனால் நம்மைப் போல ஒரே நீட்டாகத் தூங்குவதில்லை. துண்டு துண்டாகத் தூங்கி, இடையிடையே காதை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கும். வேட்டை என்பது மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து சில நொடிகளில் முழுப் பலத்தையும் செலவழிக்கும் வேலை. அதற்குச் சக்தியைச் சேமித்துத்தான் ஆக வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பூனைக்கு அதிகம் கெடுதல் நடப்பது இங்கேதான், அதுவும் அன்பினால்.

ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி இருக்கும். நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை 200-லிருந்து 250 கலோரி. அப்படியானால் இயற்கையில் அது நாளொன்றுக்கு ஏழெட்டுத் தடவையாவது பிடித்துத் தின்ன வேண்டும். வயிறு அந்தக் கணக்குக்கே அமைந்திருக்கிறது. காலையில் ஒரு தட்டு, ராத்திரி ஒரு தட்டு என்று வைத்துவிட்டு, "பாதியை மிச்சம் வைக்குது, மறுபடி வந்து கத்துது" என்று அலுத்துக்கொள்கிறோம். அதே அளவை நாலைந்தாகப் பிரித்து வைத்தால் அந்தக் கத்தல் பாதி அடங்கிவிடும்.

தட்டில் என்ன வைக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. நாக்கில் இனிப்பை உணர்வதற்கான மரபணு ஒன்று பழுதாகி வேலை செய்யாமல் கிடக்கிறது என்று 2005-ல் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்தார்கள். கறி மட்டுமே தின்று வந்த வம்சத்துக்கு அந்தச் சுவை தேவைப்படவில்லை. வேறு சில திறன்களும் அதனிடம் இல்லை. கேரட்டில் இருக்கும் சத்தை வைட்டமின் ஏ-வாக மாற்ற அதனால் முடியாது. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளவும் முடியாது; கறியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசையும் தளர்ந்து வீங்கும். இதயம் கெடுவதற்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகுதான் கடையில் விற்கும் பூனை உணவுகளில் டாரினைக் கூட்டினார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தயிர்சாதம் தின்று வளரும் பூனைகள் ஞாபகம் வரும். சைவச் சாப்பாடு சாப்பிடும் வீடுகளில் பூனைக்கும் பால் சோறு, தயிர் சோறுதான். நல்ல மனதோடுதான் போடுகிறார்கள். தெருவில் அது பல்லி, எலி, வெட்டுக்கிளி என்று பிடித்து ஈடுகட்டிக்கொண்டால் தப்பித்துவிடும். வாசல் தாண்டாத அடுக்குமாடிப் பூனைக்கு அந்த வழியும் இல்லை. வீட்டில் கறி சமைக்க மாட்டோம் என்பவர்கள் கடையில் விற்கும் பூனை உணவையாவது வாங்கி வைக்க வேண்டும்; சோறு மட்டும் போட்டு வளர்ப்பது பட்டினி போடுவதற்குச் சமம் என்பதே என் எண்ணம். அசைவ வீடுகளிலும் ஒரு கவனம் தேவை. மத்தி மாதிரியான சில மீன்களைப் பச்சையாகவே தினமும் போட்டால் அதில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். ஆறவைத்து அதையும் சேர்த்தே வையுங்கள். வெங்காயம், பூண்டு மட்டும் கூடவே கூடாது. பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அவை உடைக்கும்.

பால்? "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்" என்று பழமொழியே இருக்கிறது, பூனை பாலை விரும்பும் என்பதில் சந்தேகமில்லை. அதில் உள்ள கொழுப்பு அதற்குப் பிடிக்கும். ஆனால் தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளால் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்க முடியாது. வயிற்றுப்போக்கு வரும். எப்போதாவது ஒரு ஸ்பூன் என்றால் போகட்டும். அதுவே உணவாகக் கூடாது.

தண்ணீரில்தான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த விலங்கின் வாரிசு என்பதால் பூனைக்குத் தாகம் குறைவு. இரையின் உடம்பில் இருக்கும் ஈரமே பெரும்பாலும் போதும் என்று பழகிய உடல். காய்ந்த உணவு மட்டும் சாப்பிட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காத பூனைக்கு மூத்திரம் கெட்டிப்பட்டு, பையில் படிகம் சேரும் வாய்ப்பு கூடும். கடுவனுக்கு, அதாவது ஆண் பூனைக்கு, மூத்திரக்குழாய் மிகவும் குறுகலானது, அடைத்துக்கொள்ளும். தெரிந்த ஒருவர் வீட்டுக் கடுவன் ஒரு நாள் முழுக்க மலஜலத்துக்கு வைத்த மண் தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்திருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் மருத்துவரிடம் போகும்போது நேரம் கடந்துவிட்டது. அந்தப் பூனையை நான் மடியில் வைத்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: கடுவன் முக்குகிறது, மூத்திரம் வரவில்லை என்றால் அது அவசரம். ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாது. அன்றாடத்தில் செய்யக்கூடியது எளிது. சாப்பாட்டில் தண்ணீர் கலந்து கொடுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்.

அது குடிக்கும் விதமே பார்க்க அழகு. நாய் நாக்கைக் கரண்டி போல மடக்கித் தண்ணீரை வாரும். பூனை அப்படிச் செய்வதில்லை. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துப் பார்த்தார்கள். நாக்கின் நுனி நீர்ப்பரப்பை லேசாகத் தொட்டுவிட்டு மேலே எழுகிறது. கூடவே ஒரு நீர்த்தூண் எழும்புகிறது. அது விழுவதற்குள் வாய் மூடிவிடுகிறது. ஒரு நொடிக்கு நாலு தடவை. மீசை நனையாமல் குடிக்கும் ரகசியம் இது.

அதே நாக்குதான் சீப்பும் குளியலும். விழித்திருக்கும் நேரத்தில் கால்வாசியைப் பூனை தன்னை நக்கிக்கொள்வதில் செலவிடுகிறது. நாக்கின் மேல் பின்னோக்கி வளைந்த சின்னச் சின்ன முட்கள் உண்டு. அவற்றின் நுனி குழிந்து, சின்ன அகப்பை போல இருப்பதையும், எச்சிலை முடியின் அடிவரை அது கொண்டுபோவதையும் 2018-ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடம்பில் தங்கிய வேட்டை வாடை போகும், உதிர்ந்த முடி போகும், சித்திரை வெயிலில் எச்சில் ஆவியாகி உடம்பும் குளிரும். ஆனால் ஒரே இடத்தை வழுக்கையாகும்வரை நக்கினால் அது சுத்தமில்லை. உண்ணி, அரிப்பு, வலி, மனக்கலக்கம் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது.

காலில் உரசுவதைக் கொஞ்சல் என்கிறோம். கொஞ்சலும்தான். கன்னம், தாடை, நெற்றி, வால் அடி இங்கெல்லாம் வாசனைச் சுரப்பிகள் இருப்பதால், உரசும்போது தன் வாசனையை நம் மேல் பூசி, இவர்கள் நம்மவர்கள் என்று அடையாளம் வைத்துக்கொள்கிறது. வாலைக் கொடிக்கம்பம் போல் நிமிர்த்திக்கொண்டு வந்தால் அதுவே வணக்கம். சோபாவைப் பிராண்டுவதும் இதே வகைதான்: உள்ளங்காலின் வாசனையும் பதியும், பழைய நக உறையும் கழன்று விழும். அதைத் தடுக்க முடியாது, இடம் மாற்றித்தரலாம். ஒரு கட்டையில் தென்னங்கயிற்றை நெருக்கிச் சுற்றி, பூனை முழுசாக நிமிர்ந்து எட்டும் உயரத்தில் அசையாமல் நிறுத்தினேன். சுண்டு ஒரே வாரத்தில் சோபாவை விட்டுவிட்டாள்.

எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம் அதன் குரல். வளர்ந்த பூனைகள் ஒன்றுக்கொன்று 'மியாவ்' என்று பேசிக்கொள்வது மிக அரிது. சண்டையில் உறுமும், சீறும், துணை தேடி அலறும். 'மியாவ்' குட்டி தாயைக் கூப்பிடும் குரல். வளர்ந்த பிறகும் அதை நமக்காகவே வைத்திருக்கிறது. நாம் கொஞ்சம் காது மந்தம், வாலையும் காதையும் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டோம், கூப்பிட்டால் எழுந்து வருவோம் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கரென் மெக்கோம்ப் 2009-ல் இன்னொன்றைக் கண்டார். சாப்பாடு கேட்கும் பூனையின் 'குர்ர்' ஒலிக்குள் குழந்தை அழுவதைப் போன்ற ஒரு மெல்லிய கீச்சுக் குரல் கலந்திருக்கிறது. பூனை வளர்க்காதவர்கள்கூட அந்த ஒலியைக் கேட்டு, ஏதோ அவசரம் என்றார்கள்.

அந்த 'குர்ர்' எப்படி வருகிறது என்பதே நீண்ட காலம் விவாதமாக இருந்தது. 2023-ல் வியன்னா ஆய்வாளர்கள், குரல்நாண்களுக்குள் மெத்தை போன்ற திசு இருப்பதையும், அதன் உதவியால் அவ்வளவு தாழ்ந்த ஒலி எழ முடிகிறது என்பதையும் காட்டினார்கள். நொடிக்கு இருபது முப்பது அதிர்வுதான். கண்ணும் காதும் திறக்காத பச்சைக்குட்டி, தாய் எங்கே என்று அந்த அதிர்வை வைத்தே அறியும். ஆனால் குர்ர் என்றாலே மகிழ்ச்சி என்று நினைத்துவிடக் கூடாது. வலியிலும், பிரசவத்திலும், சாகும் தறுவாயிலும் பூனை அப்படி ஒலிக்கும்.

குட்டிப் பருவத்திலிருந்து வரும் இன்னொன்று மாவு பிசைவது. மடியில் ஏறி முன்னங்கால்களை மாற்றி மாற்றி அழுத்துமே, பால் சுரக்கத் தாயின் மடியை அழுத்திய பழக்கம் அது. தாய், குட்டியைக் கழுத்துத் தோலில் கவ்வித் தூக்கும்போது குட்டி கை கால் மடக்கித் துவண்டு போகும்; கொஞ்சமும் திமிறாது. தென்கலை வைணவம் சரணாகதியை விளக்க எடுத்துக்கொண்ட மார்ஜார நியாயம் இந்தக் காட்சிதான். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டி தன்னை ஒப்புக்கொடுத்தால் போதும். உண்மையில் அது கழுத்துத் தோலைப் பிடித்ததும் உடல் தானாகத் துவளும் ஓர் அனிச்சைச் செயல், குட்டி அசைந்தால் பல் பட்டுவிடும் என்பதால் வந்த ஏற்பாடு. இதை நம்பி வளர்ந்த பூனையைக் கழுத்தில் பிடித்துத் தூக்காதீர்கள். எடை கூடிவிட்டது, வலிக்கும், பயப்படும்.

மனிதர்களோடு ஒட்டுவதும் ஒட்டாததும் பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில் மென்மையான மனிதக் கை பட்ட குட்டி மடிக்கு வரும். படாத தெருக்குட்டி வாழ்நாள் முழுக்க எட்டியே நிற்கலாம், அது அதன் குற்றமில்லை. நன்றி கிடையாது என்ற பேச்சுக்கு, 2019-ல் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை ஒரு பதில். அறிமுகமில்லாத அறையில் வளர்ப்பவர் இரண்டு நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் அவரிடம் வந்து நிம்மதியடைந்து, பிறகு தைரியமாக அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. கைக்குழந்தைகளிடமும் ஏறக்குறைய இதே விகிதம்தான் காணப்படுகிறது. அதே ஆண்டு ஜப்பானில் அட்சுகோ சைட்டோவின் குழு, பூனைகள் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று காட்டியது. கூப்பிட்டால் வராது, காது மட்டும் திரும்பும். கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்கிறோம். நம்மைப் பார்த்து அது மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பதற்கு வேறு பொருள் உண்டு. முறைத்துப் பார்ப்பது பூனைகளுக்குள் மிரட்டல். கண்ணைச் செருகுவது, உன்னால் எனக்குப் பயமில்லை என்பது. 2020-ல் சசெக்ஸில் செய்த சோதனையில், மனிதர்கள் மெதுவாகக் கண் சிமிட்டியபோது பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டின; அறிமுகமில்லாதவர் அப்படிச் செய்தபோது அவர் நீட்டிய கையை நோக்கி அதிகம் வந்தன. வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒளிந்துகொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனை வேட்டையாடும் விலங்கு என்றாலும், தன்னைவிடப் பெரிய விலங்குக்கு இரையும்கூட. அட்டைப்பெட்டியைப் பார்த்தால் உடனே உள்ளே போய் உட்காருவது இதனால்தான். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில், பெட்டி கொடுக்கப்பட்டவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. நோய் வந்தாலும் பூனை அதைக் காட்டிக்கொள்ளாது. கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, வெளியே வரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் அடிக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்; அதைச் செரித்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலில் இல்லை.

மகிழ்ச்சியான ஒன்று. மேல்நாட்டில் கேட்னிப் என்ற செடிக்குப் பூனைகள் மயங்கிப் புரளுமே, நம் ஊரில் அதற்கு ஈடு குப்பைமேனி. வேரோடு பிடுங்கிப் போட்டால் வேரில் முகத்தைத் தேய்த்து, எச்சில் வழிய உருளும். அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. எல்லாப் பூனையும் வணங்குவதில்லை. சுண்டு வணங்குகிறாள்.

சரி, அந்த நாலரை மணி. பசி மட்டும் காரணம் என்று நினைத்து நானும் எழுந்து எழுந்து சாப்பாடு வைத்தேன். தட்டினால் தட்டு நிறையும் என்று அவளுக்குப் பாடமாகிவிட்டது. வேட்டை ஆசை பசியோடு கட்டுப்பட்டதில்லை: 1976-ல் நடந்த ஒரு சோதனையில், பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளே எலியைக் கண்டதும் எழுந்து போய் அதைக் கொன்று, தட்டருகில் கொண்டுவந்து போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தன. 2021-ல் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தினர் வெளியே போய்வரும் பூனைகளைக் கவனித்தார்கள். கறிச்சத்து மிகுந்த உணவு கொடுத்தபோது அவை பிடித்துக்கொண்டு வந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடியபோது 25 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்த பிறகு வீட்டு முறையை மாற்றினேன். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு குச்சியில் சணல் கட்டி, நுனியில் கோழி இறகு வைத்து, அவளை ஓடவிடுகிறேன். இறகு எலியைப் போல ஓட வேண்டும், கட்டிலுக்கு அடியில் ஒளிய வேண்டும், முகத்தை நோக்கி வரக் கூடாது. எந்த எலியும் பூனையை நோக்கி ஓடாது. பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். கடைசியில் ஒரு முறை பிடிக்க விடுவேன். உடனே அன்றைய பெரிய சாப்பாடு. தின்றதும் உட்கார்ந்து தலை முதல் வால் வரை நக்கிக்கொள்வாள், பிறகு படுத்துவிடுவாள். வேட்டை, தீனி, குளியல், தூக்கம் என்ற அதே வரிசை. நாலரைக்கு எது நடந்தாலும் நான் எழுவதில்லை. முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. முன்பைவிட அதிகமாகக் கத்தினாள். அப்புறம் குறைந்தது. இப்போதும் அந்த நேரத்தில் அவள் விழித்துவிடுகிறாள், ஜன்னல் கம்பி ஓரம் உட்கார்ந்து முருங்கை மரத்தில் இறங்கும் தவிட்டுக்குருவிகளைப் பார்க்கிறாள். என்னை எழுப்ப வருவது ஆறு மணிக்குத்தான்.